விடை சரி, வழி எங்கே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நமது திண்ணைக்கு வந்து சேர்ந்தார். வழக்கமாக அவர் வரும்போது கையில் ஒரு கவுளி வெற்றிலை இருக்கும். அன்று இருந்ததோ ஒரு விடைத்தாள். முகத்தில் வழக்கமான சிரிப்பையும் காணோம். பதினோராம் வகுப்பில் படிக்கும் தம் புதல்விக்குக் கணக்குப் பரீட்சையில் நாம் அநியாயம் இழைத்துவிட்டோம் என்பது அவருடைய புகார்.

"ஸார், இந்தக் கணக்கைப் பாருங்கள். விடை பதினாறு என்று எழுதியிருக்கிறாள். சரியான விடையும் பதினாறுதான் என்கிறார்கள். அப்படியிருக்க, ஐந்து மார்க்குக்கு ஒரு மார்க்கு போட்டிருக்கிறீர்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

"விடை சரிதான். வழி எங்கே?" என்றோம் நாம்.

"வழி எதற்கு? நான் மதுரைக்கு வெற்றிலை அனுப்புகிறேன். இலையைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். வண்டி எந்த ரஸ்தாவில் வந்தது என்று எவராவது கேட்கிறார்களா?"

கேள்வி நன்றாகத்தான் இருந்தது. உடனே பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆகவே பெண்ணையே அழைத்துவரச் சொன்னோம். அவள் வருவதற்குள் கணக்கு இன்னதென்று நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். ஒரு வட்டத்தின் விளிம்பில் சில புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோட்டால் இணைக்க வேண்டும். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்கலாகாது. வட்டம் எத்தனை துண்டுகளாகப் பிரியும்? ஒரு புள்ளிக்குத் துண்டு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8. ஐந்து புள்ளிக்கு எத்தனை என்பதே கேள்வி.

பெண் வந்தாள். "எப்படிப் பதினாறு என்று கண்டாய், அம்மா?" என்று கேட்டோம்.

"ஒவ்வொரு தடவையும் இரட்டித்துக்கொண்டு வருகிறதே, ஸார்!" என்றாள்.

"அப்படியானால் ஆறு புள்ளிக்கு?"

"முப்பத்திரண்டு" என்று கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது.

காகிதமும் பென்ஸிலும் கொடுத்து, வரைந்து எண்ணிப் பார்க்கச் சொன்னோம். எண்ணினாள். 31 வந்தது. எங்கோ ஒரு துண்டை விட்டுவிட்டோம் என்று எண்ணி மறுபடியும் வரைந்தாள். அப்பொழுதும் 31. மூன்றாம் முறை புள்ளிகளைச் சம தூரத்தில் அழகாக வைத்து வரைந்தாள், 30 வந்தது. அதில் நடுவே மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்து ஒரு துண்டை விழுங்கிவிட்டன. 32 மட்டும் எப்படி வரைந்தாலும் வரவில்லை. தகப்பனார் எட்டிப் பார்த்து, "இரட்டித்துக்கொண்டே வந்தது திடீரென்று எங்கே போயிற்று?" என்றார். மகள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நண்பர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "சரி ஸார், இவள் குழந்தை. பெரிய பெரிய விஞ்ஞானிகள்கூட இப்படி ஊகித்துத்தானே கண்டுபிடிக்கிறார்கள்?" என்றார். உண்மைதான். நமது காலத்தில் பௌதிக சாஸ்திரிகளுக்கும் கணித சாஸ்திரிகளுக்கும் இடையே இதே வழக்கு சுமார் நாற்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. வழக்கின் ஒரு முக்கியமான கட்டத்தில் நமது சென்னைப் பட்டணத்துப் பிள்ளை ஒருவரின் கையெழுத்தும் இருக்கிறது. அந்தக் கதையை நண்பரிடம் அன்று சொன்னபடியே இங்கும் சொல்ல விரும்புகிறோம்.

விஷயத்தின் பெயர் சற்று நீளமானது: இரு பரிமாணக் கோணங்காக்கும் புலக் கொள்கை. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஊரில் ஒவ்வோர் இடத்திலும் வெயிலின் உஷ்ணத்தை அளந்து, அந்தந்த இடத்தில் ஓர் எண்ணை எழுதி வைத்தால் அது ஒரு புலம். அந்த எண்கள் நிச்சயமாக இராமல், தாயக் கட்டை உருட்டினாற்போலத் தற்செயலாக அமைந்தால் அது தற்செயல் புலம். காகிதத்தைப் போலவும் தரையைப் போலவும் நீளமும் அகலமும் மட்டும் உள்ள இடத்தில் அது அமைந்தால் இரு பரிமாணப் புலம். ஒரு காரியம் நேர்வதற்கு எவ்வளவு இடமுண்டு என்று அளந்து சொல்லும் கணிதத்துக்கு நிகழ்தகவு என்று பெயர். தற்செயல் புலங்களை ஆராய அதுவே உரிய கருவி.

இதெல்லாம் வீண் கற்பனையன்று. இரும்பு காந்தத்தைக் காய்ச்சினால் சுமார் 770 டிகிரி உஷ்ணத்தில் அதன் காந்த சக்தி மறைந்துபோகிறது. ஒரு பொருள் இவ்வாறு ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும் அந்தத் தறுவாயில், அதனுள்ளே பல அளவுகளில் திட்டுத் திட்டான கோலங்கள் தோன்றுகின்றன. அக்கோலத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் முழுக் கோலத்தைப் போலவே காண்கிறது. 1984-ஆம் ஆண்டில் ருஷிய அறிஞர்களான பெலாவின், பொல்யாகோவ், ஸமலோட்சிகோவ் என்ற மூவர், இரு பரிமாணத்தில் இத்தகைய கோலங்களுக்கு ஓர் அற்புதமான குணம் உண்டு என்று கொண்டு, அதிலிருந்து ஏராளமான விடைகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் குணமே கோணங்காத்தல்.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். 1569-ல் மெர்க்காட்டர் என்பவர் வகுத்த முறைப்படி வரைந்த படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடப் பதினான்கு மடங்கு பெரியது. பருமன் இப்படி இடத்துக்கிடம் பொய் சொன்னாலும், கோணங்கள் பொய் சொல்வதில்லை. இரண்டு திசைகளுக்கு நடுவே உள்ள கோணம் பூமியில் எவ்வளவோ, படத்திலும் அவ்வளவே. மாலுமிகளுக்கு அதுதானே வேண்டும்! இவ்வாறு உருவத்தை நீட்டியும் சுருக்கியும் பெயர்த்தாலும் கோணத்தை மாற்றாத பெயர்ப்புக்குக் கோணங்காக்கும் பெயர்ப்பு என்று பெயர். இத்தகைய பெயர்ப்பு எதைச் செய்தாலும் மாறாத விதிகளையுடையது மேலே சொன்ன தற்செயல் கோலம் என்பதே அம்மூவரின் கொள்கை.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். தேன்கூட்டைப் போல ஆறுகோண ஓடுகள் பதித்த ஒரு முற்றம். ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் கறுப்பும் பூ விழுந்தால் வெள்ளையும் பூசுகிறோம். இனி, கறுப்பு ஓடுகளின் மீதே கால் வைத்து முற்றத்தின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குப் போய்ச் சேர முடியுமா? முடிவதற்கு எவ்வளவு நிகழ்தகவு? ஓடுகளைப் பொடி ஓடுகளாக்கிக்கொண்டே போனால் அந்த அளவு எந்த எண்ணை அணுகும்?

1992-ல் கார்டி என்ற ஆங்கிலப் பௌதிக அறிஞர், கோணங்காக்கும் கொள்கையைத் துணைக்கொண்டு இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். பார்வைக்குக் கடுமையான சூத்திரம். ஆனால் ஸ்வீடன் தேசத்துக் கார்லஸன் என்ற கணித மேதை, முற்றம் சமபக்க முக்கோணமாக இருந்தால் அது எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்பதைக் கவனித்தார். முக்கோணத்தின் அடிப்பக்கத்தில் எங்கேனும் புறப்படலாம். போய்ச் சேர வேண்டிய இடம், உச்சியிலிருந்து ஒரு பக்கத்தின் வழியே கீழிறங்கும் ஒரு பகுதி. அந்தப் பகுதி பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கானால் நிகழ்தகவும் மூன்றில் ஒன்று, பாதியானால் பாதி. அவ்வளவுதான்! ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் புரியும் விடை.

முற்றம் முக்கோணமாக இல்லாவிட்டால்? வைகைக் கரையில் நமது வயல்களைப் பார்த்தால், வரப்புகள் வளைந்தும் நெளிந்தும் எந்த உருவத்திலும் அடங்காமல் கிடக்கின்றன. ஆனால் நடுவே ஓட்டை இல்லாத எந்த உருவத்தையும், கோணம் கெடாமல் ஒரு சமபக்க முக்கோணமாகப் பெயர்த்துவிடலாம் என்பது 1851-ல் ரீமான் கண்ட உண்மை. வரப்பில் மூன்று இடங்களைக் குறித்தால் அவற்றையே மூன்று மூலைகளாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஆகவே முக்கோணத்துக்கு விடை தெரிந்தால் எல்லா வயல்களுக்கும் விடை தெரிந்ததுபோல் ஆகும். கோணங்காக்கும் குணத்தின் மகிமை இதுவே.

ஆனால் அந்தக் குணம் உண்மையிலேயே இருக்கிறதா? கார்டி அதை எடுத்துக்கொண்டாரே அன்றி நிரூபிக்கவில்லை. கணக்கிடும் யந்திரங்களில் சோதித்துப் பார்த்தவர்கள் விடை பொருந்துகிறது என்றார்கள். நமது மாணவியின் பதினாறும் பொருந்தத்தான் செய்தது! 2001-ல் ஸ்மிர்னோவ் என்ற ருஷிய இளைஞர் ஆறுகோண ஓடுகளுக்கு முழு நிரூபணத்தைக் கொடுத்த பிறகே வழக்கின் அந்தப் பகுதி தீர்ந்தது. 2010-ல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. ஆறுகோண ஓடுகளுக்குப் பதிலாகச் சதுரக் கட்டங்களை வரைந்து, ஒவ்வொரு கோட்டையும் நாணயம் சுண்டி வைத்தும் அழித்தும் விளையாடினால் விடை அதுவே என்று பௌதிக சாஸ்திரிகள் சாதிக்கிறார்கள். ஸ்மிர்னோவின் வழி அங்கே செல்லாது. கணித சாஸ்திரிகள் அவ்விடத்தில் இன்னும் நிரூபணத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி நமது சென்னைப் பிள்ளையின் பக்கம் வருவோம். ஸ்ரீனிவாச வரதன் 1940-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். தந்தையார் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர். பின்பு பொன்னேரியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். வரதன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துத் தேறி, 1959-ல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராகச் சென்றார். 1931-ல் மஹலநோபிஸ் அவர்கள் ஸ்தாபித்த கழகம் அது. அங்கே பேராசிரியர் சி. ஆர். ராவ் வழிகாட்டினார். வரதராஜன், ரங்கா ராவ், பார்த்தசாரதி, வரதன் என்ற நால்வரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்து, புதிய கணிதத்தைத் தாமே கற்றுக்கொண்டார்கள். 1962-ல் இந்தியாவுக்கு விஜயம் செய்த ருஷியப் பேரறிஞர் கொல்மகோரவ், நிகழ்தகவுக் கணிதத்துக்கு அஸ்திவாரம் இட்டவர், வரதனின் ஆராய்ச்சியைக் கேட்டதோடு, அதை மதிப்பிட்டவர்களிலும் ஒருவரானார். 1963-ல் வரதன் நியூயார்க் நகரத்துக் கூரான்ட் கழகத்துக்குச் சென்றார். 2007-ல் நார்வே தேசத்தின் ஏபெல் பரிசு அவரை அடைந்தது. இந்திய சர்க்கார் 2008-ல் பத்மபூஷணும் 2023-ல் பத்மவிபூஷணும் அளித்தது.

ஏபெல் பரிசு கிடைத்தது வேறு பெரிய காரியங்களுக்காக. அரிதினும் அரிதாக நேரும் நிகழ்ச்சிகளின் அளவைக் கணக்கிடும் கொள்கைக்காக. நாம் சொல்லப் போவதோ 1969-ல் அச்சான ஓர் அனுபந்தம். மற்றொருவர் எழுதிய கட்டுரையின் வாலில் சேர்க்கப்பட்ட சில பக்கங்கள்!

அந்தக் கட்டுரையை எழுதியவர் ஸைமன்ஸிக் என்ற ஜெர்மானியப் பௌதிக அறிஞர். புலங்கள் ஒன்றையொன்று தாக்குவதை, தற்செயலாக அலையும் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதாக மாற்றி எழுதலாம் என்பது அவருடைய யோசனை. அலையும் பாதை என்றால் என்ன? 1827-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவர சாஸ்திரி, நீரில் மிதந்த நுண்ணிய துகள்கள் ஓயாமல் அங்குமிங்கும் துள்ளுவதைப் பூதக்கண்ணாடியில் கண்டார். அந்தத் துள்ளலைக் கணிதமாக வடித்தால் கிடைப்பது பிரவுனியன் பாதை. தரையில் அத்தகைய பாதை ஒன்று ஓடினால் அது தன்னையே எண்ணற்ற முறை வெட்டிக்கொள்கிறது. கோணங்காக்கும் பெயர்ப்புச் செய்தாலோ, வேகம் மட்டும் மாறி, அதுவும் பிரவுனியன் பாதையாகவே இருக்கிறது. இரு பரிமாணக் கொள்கைக்கும் நிகழ்தகவுக்கும் உள்ள பழைய உறவு இங்கேதான் வேர்விட்டது.

ஸைமன்ஸிக்கின் யோசனை பலிக்க வேண்டுமானால், பாதை தன்னைத் தானே எவ்வளவு வெட்டிக்கொள்கிறது என்று அளந்தாக வேண்டும். அளந்தால் வருவது முடிவிலி. முடிவிலியை வைத்துக்கொண்டு என்ன கணக்குப் போடுவது? பௌதிக சாஸ்திரிகள் இத்தகைய இடங்களில் முடிவிலியை ஒதுக்கித் தள்ளிவிட்டு மேலே போவார்கள். விடையும் பெரும்பாலும் சரியாகவே வரும். எந்த நியாயத்தால் தள்ளினீர்கள் என்று கேட்டால்தான் சங்கடம்.

வரதன் அந்த நியாயத்தைக் கொடுத்தார். பாதை சரியாக வெட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் எண்ணாமல், தன்னை மிக நெருங்கிவரும் இடங்களையெல்லாம் சேர்த்து அளக்க வேண்டும். அந்த நெருக்கத்தின் எல்லையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போனால் அளவு ஏறிக்கொண்டே போகும். அதே சமயத்தில், சராசரியாக எவ்வளவு அளவை எதிர்பார்க்கலாம் என்ற கணக்கும் ஏறிக்கொண்டே போகும். ஒரு வியாபாரியின் பேரேட்டில் வரவும் செலவும் கோடி கோடியாகப் பெருகினாலும் மீதம் மட்டும் ஒரு நிலையில் நிற்பது உண்டல்லவா? அதுபோல இவ்விரண்டின் வித்தியாசம் மட்டும் முடிவுள்ள ஓர் அளவில் வந்து நிற்கிறது என்று வரதன் நிரூபித்தார். அந்த மீதத்தைக் கொண்டு பாதைகளுக்கு எடை வகுத்தால், எடைகளின் மொத்தமும் முடிவுள்ளதாகவே இருக்கும் என்றும் காட்டினார். இரு பரிமாணத்தில் முடிவிலி மிக மெதுவாக, மடக்கைக் கணக்கில் ஏறுவதே இவ்வழி பலிப்பதற்குக் காரணம். மூன்று பரிமாணத்தில் இதே கணக்குக்கு இதைவிடக் கடினமான வழி வேண்டியிருந்தது.

முடிவிலியை எதிர்பார்த்த அளவால் சரிக்கட்டி, எஞ்சியதைக் கொண்டு காரியம் நடத்தும் இந்த உபாயம், நாம் கதையின் முடிவுக்குப் போகும்போது மறுபடியும் வருகிறது.

அப்பளம் எண்ணெயில் பொரிவதை நம் வீட்டுப் பெண்மணிகள் தினமும் பார்க்கிறார்கள். தட்டையாகப் போட்ட அப்பளம் இங்கே உப்பி, அங்கே சுருங்கி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எழும்புகிறது. தற்செயலாக உப்பியும் சுருங்கியும் அமையும் பரப்புகளின் கணிதம் பௌதிக சாஸ்திரத்துக்கு அவசியம் என்று 1981-ல் பொல்யாகோவ் காட்டினார். லியோவில் என்ற பழைய பிரெஞ்சுக் கணிதரின் பெயர் அந்தக் கொள்கைக்கு அமைந்தது. அதில் அடிப்படையான எண் ஒன்று உண்டு: பரப்பில் மூன்று புள்ளிகளைக் குறித்து, அவற்றின் சம்பந்தத்தை அளக்கும் எண். அது தெரிந்தால் மற்றவற்றை அதிலிருந்து கட்டிவிடலாம். 1994-ல் டார்ன், ஆட்டோ என்ற இருவரும், 1996-ல் ஸமலோட்சிகோவ் என்ற இரட்டைச் சகோதரர்களும் தனித்தனியே அதற்கு ஒரே சூத்திரத்தை வெளியிட்டார்கள். நால்வரின் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதை அழைக்கிறார்கள். சகோதரர்கள் நேர்மையானவர்கள், தாங்கள் தருவது நிரூபணமன்று, ஊகமே என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

சூத்திரம் எத்தனையோ சோதனைகளில் தேறியது. பின் என்ன குறை? குறை மிகப் பெரியது. சூத்திரம் எதைப் பற்றியதோ, அந்தப் பொருளே கணிதத்தில் இன்னும் பிறக்கவில்லை! அப்பளத்தின் உப்பலை அளக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் முடிவிலி வந்து நின்றது. குழந்தைக்குத் திருமண நாளைக் குறித்தாகிவிட்டது; குழந்தைதான் பிறக்கவில்லை என்றது போலாயிற்று.

பிரெஞ்சுக் கணிதர் கஹான் 1985-லேயே இதற்கு வேண்டிய ஒரு கருவியைச் செய்து வைத்திருந்தார். மடக்கைக் கணக்கில் ஏறும் முடிவிலியை எதிர்பார்த்த அளவால் வகுத்து, எஞ்சுவதை நிலையான அளவாக்குவது அக்கருவி. வரதன் கழித்தார், கஹான் வகுத்தார், இரண்டும் ஒரே குலத்துப் பிள்ளைகள் என்று சொல்லலாம். அதைக் கொண்டு பிரான்சின் டாவீட், ரோட்ஸ், வர்காஸ் ஆகியவர்களும் பின்லாந்தின் குபியாயினனும் 2016-ல் லியோவில் கொள்கையின் பொருளை நிகழ்தகவு முறையில் முதன்முதலாகக் கட்டி நிறுத்தினார்கள். அவர்களுள் குபியாயினன், ரோட்ஸ், வர்காஸ் என்ற மூவரும் 2020-ல் அச்சான கட்டுரையில் அந்தப் பழைய சூத்திரம் அட்சரம் பிசகாமல் சரி என்று நிரூபித்தார்கள். ஊகத்துக்கும் நிரூபணத்துக்கும் நடுவே கால் நூற்றாண்டு சென்றது.

இங்கேதான் நண்பரின் கேள்விக்கு நமக்குப் பதில் கிடைத்தது. வழி என்பது விடைக்கு வெறும் சாட்சி என்று நாமும் பல ஆண்டுகள் எண்ணி வந்தோம். திருடன் யார் என்று தெரிந்த பிறகு சாட்சி எதற்கு என்று சிலர் கேட்பது இதனால்தான். ஆனால் வழிக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. விடை எதைப் பற்றியது, எதுவரை செல்லும், எந்த இடத்தில் முறியும் என்று சொல்வது வழிதான். பதினாறு என்ற விடையில் அது ஐந்தாம் புள்ளியோடு முறிந்துவிடும் என்ற செய்தி இல்லை. கார்டியின் சூத்திரத்தில் ஆறுகோணத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே உள்ள பள்ளம் தெரிவதில்லை. வெற்றிலை வாங்குகிறவர் வண்டி வந்த ரஸ்தாவைக் கேட்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அடுத்த வாரம் மழையில் அந்த ரஸ்தா தாங்குமா என்பதை அனுப்புகிறவர் கேட்காமல் இருக்க முடியுமா?

"நம்முடைய ராமானுஜன் வழியைச் சொன்னாரா?" என்று இங்கே சிலர் கேட்பார்கள். அவர் பெயரைச் சொல்லி வழியை அலட்சியம் செய்வது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. 1914 முதல் 1919 வரை கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் அவர் முழு நிரூபணங்களோடு பல கட்டுரைகளை வெளியிட்டார். நிரூபிக்க முடியாதவற்றை ஊகமாகவே வைத்தார். 1916-ல் அவர் வைத்த ஊகம் ஒன்றை 1974-ல் பெல்ஜியம் தேசத்து டெலீன் நிரூபித்தார். இடைப்பட்ட 58 ஆண்டுகளில் அந்த ஊகத்தைத் துரத்திச் சென்றவர்கள் கண்ட நிலப்பரப்பு, ஊகத்தைவிட எத்தனையோ மடங்கு விசாலமானது. ஊகிப்பவர் விதை ஊன்றுகிறார். நிரூபிப்பவர் நீர் பாய்ச்சிப் பந்தல் போடுகிறார். கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு, இவற்றில் எது இல்லாவிட்டாலும் இலை இல்லை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

வரதனின் கதையிலும் நாம் கவனிக்க வேண்டியது பரிசுகளை மட்டுமன்று. கல்கத்தாவில் அந்த நால்வரும் கணிதம் பயிலப் பெரிய யந்திரசாலை ஏதும் வேண்டியிருக்கவில்லை. கரும்பலகையும், நூல் நிலையமும், ஒருவரையொருவர் "ஏன்?" என்று கேட்கும் தைரியமும், அதற்கு அவகாசம் கொடுக்கும் ஒரு கழகமும் போதுமாயிருந்தன. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளை அங்கிருந்து உலகத்தின் முன்வரிசைக்குப் போனார். அவர் கடல் கடந்து போய்விட்டாரே என்று ஏங்குவதில் பயனில்லை. பரீட்சை மார்க்குக்காக விடையை மட்டும் மனனம் செய்யும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, நம் தேசத்தில் மேதைகள் பிறக்கவில்லையே என்று வருந்துவதிலும் பயனில்லை. "எவ்வளவு மார்க்கு?" என்று கேட்கும் தாய்தந்தையர், வாரத்தில் ஒரு நாளாவது "இது ஏன் இப்படி?" என்று கேட்டால், அது பாடசாலைக்குச் செய்யும் நன்கொடையைவிடப் பெரிய உதவி.

நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அப்பளம் புரிந்தது, ஸார். மற்றது பாதி புரிந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். நமக்கும் முழுவதும் புரிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

புதன்கிழமை மாலை அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். கையில் அதே மடித்த காகிதம். அதன் பின்புறம் முழுவதும் எழுத்து. "ஸார், துண்டை எண்ணக்கூடாது, கோட்டையும் வெட்டையும் எண்ண வேண்டும்" என்று ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் துண்டு ஒன்று. ஒவ்வொரு கோடும் போடும்போது ஒரு துண்டு கூடுகிறது. அந்தக் கோடு மற்றொரு கோட்டை வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் இன்னுமொரு துண்டு கூடுகிறது. இரண்டு புள்ளிகளுக்கு ஒரு கோடு. நான்கு புள்ளிகளுக்கு ஒரு வெட்டு. ஐந்து புள்ளியில் கோடு 10, வெட்டு 5. ஒன்றைச் சேர்த்தால் 16. ஆறு புள்ளியில் கோடு 15, வெட்டு 15. ஒன்றைச் சேர்த்தால் 31.

"ஏழு புள்ளிக்கு?" என்றோம்.

இந்தத் தடவை அவள் உடனே பதில் சொல்லவில்லை. காகிதத்தில் 21 என்றும் 35 என்றும் எழுதி, ஒன்றைச் சேர்த்து, "57" என்றாள். "வரைந்து பார்க்கவில்லை, ஸார். ஆனால் வரையாமலே தெரியும்" என்றும் சொன்னாள்.

பரீட்சை மார்க்கை நாம் மாற்றவில்லை, அவளும் கேட்கவில்லை. மறுநாள் காலை நமது திண்ணையில் ஒரு கவுளி வெற்றிலை இருந்தது.